பம்புக்குச் சட்டை

கிள்ளான் பள்ளத்தாக்கில் குடித்தனம் நடத்துபவனுக்கு இரண்டு நாட்காட்டி வேண்டும். ஒன்று விசேஷ நாள் பார்க்க. இன்னொன்று தண்ணீர் எப்போது நிற்கும் என்று பார்க்க. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டிகளை நடத்தியது. அதே ஆண்டு எங்களுக்குத் தண்ணீர்ப் பங்கீடு. லோரி வந்ததும் வாளியோடு நாங்கள் ஓடிய ஓட்டத்துக்கு மட்டும் பதக்கம் கிடைக்கவில்லை. 2014இல் மறுபடியும் பங்கீடு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்தில் கோங் ஆற்றில் கழிவு கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் காற்று மட்டும் வந்தது. கோவிட் காலம் வேறு. அடிக்கடி கை கழுவச் சொல்லி அரசாங்கம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு உண்டு. தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறி மேரு பக்கம் நிலம் வாங்கியபோது அப்பா இறக்கிய உறைக்கிணறு. பைப்புத் தண்ணீர் வந்த பிறகு அதன் மேல் தகரம், தகரத்தின் மேல் கறிவேப்பிலைத் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் என் மகன் ஓட்டாத சைக்கிள் என்று அது ஒரு மேசையாகிவிட்டிருந்தது.

"ஊரெல்லாம் தண்ணிக்கு அலையுது, நீங்க கிணத்து மேல சைக்கிள் வச்சிருக்கீங்களே மச்சான்!" என்றார் என் மைத்துனர். அவர் இருப்பது பிரிக்பீல்ட்ஸ். ஒரு காலத்தில் கோலாலம்பூருக்கே செங்கல் சுட்டுக் கொடுத்த இடம். இப்போது சூளையும் இல்லை, அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் கிணறும் இல்லை. யோசனை மட்டும் பதினான்காவது மாடியில் வற்றாமல் ஊறுகிறது. "வாங்குனா சப்மெர்சிபிள்தான் வாங்கணும். மேல வைக்கிற பம்பெல்லாம் பழைய காலம்."

மேலே வைக்கும் பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது குழாயிலிருந்து காற்றைத்தான் எடுக்கிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் பத்து மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. நடைமுறையில் ஏழு மீட்டரே பெரிய காரியம். அதற்குக் கீழே தண்ணீர் இருந்தால் பம்பே உள்ளே இறங்க வேண்டும். அதுதான் சப்மெர்சிபிள். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன அருதுனோவ் என்ற பொறியாளர், எண்ணெய்க் கிணற்றுக்குள் மோட்டாரையும் சேர்த்து இறக்கும் பம்பை உருவாக்கி, ஓக்லஹோமாவில் தொழிற்சாலையே நடத்தினார். பூமியின் வயிற்றிலிருந்து எண்ணெய் எடுக்க இறங்கிய சாதனம் அது. என் கிணற்றின் ஆழம் இருபது அடி.

"இருபதடிக்கு, மேல வைக்கிற பம்பே போதுமே அங்கிள்," என்றான் பம்பு மாட்ட வந்த தம்பி. நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். சப்மெர்சிபிள் வாங்கப்போவதாக மேரு சாலைக் கோப்பிக்கடையில் நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சொன்ன வார்த்தையை மாற்றும் குடும்பம் இல்லை எங்களுடையது. பம்பு கோயம்புத்தூர்ச் சரக்கு வேறு. தாய்நாட்டுத் தொழிலை ஆதரித்த புண்ணியமும் சேரட்டும் என்று நினைத்தேன்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்த தம்பி நெற்றியைத் தேய்த்தான். "இது போர்வெல் பம்பு அங்கிள். ஒடுக்கமான குழாய்க்குள்ள இருந்தாத்தான் ஏறுற தண்ணி மோட்டர ஒட்டி ஓடி, சூட்டைக் குறைக்கும். உங்க கிணறு அகலம். இதுக்குச் சட்டை போடணும்."

ஆறங்குலப் பிவிசி குழாய் ஒன்றை அறுத்து, பம்பைச் சுற்றி மாட்டினான். அதுதான் சட்டை. "பம்புக்கே சட்டை போட்டாச்சு, நீங்க ஏன் இன்னும் பனியனோட நிக்கிறீங்க?" என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தது.

அடுத்தது இன்னும் விசேஷம். அந்த மோட்டாரை இறக்குவதற்கு முன், பக்கத்திலுள்ள திருகாணியைக் கழற்றி, உள்ளே சுத்தமான தண்ணீர் நிரப்ப வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை மெல்ல ஊற்றி, ஆட்டிவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். தம்பி சொம்பைக் கேட்டான். அன்றைக்குத் தண்ணீர் கட். தண்ணீருக்காக வாங்கிய பம்பு, வேலை தொடங்குமுன் தண்ணீர் கேட்டு நின்றது. கடைசியில் கடைக்குப் போய் மினரல் வாட்டர் வாங்கி வந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தோட்டத்துல நான் எறைச்சப்போ வாளிக்கு யாரும் பாட்டில் தண்ணி வாங்கிக் கொடுக்கல," என்றார்.

வயரைப் பாலி பைப்போடு சேர்த்து டேப் சுற்றி, பம்பின் காதில் நைலான் கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்து இறக்கினோம். வயரில் தொங்கவிட்டால் போயே போய்விடும். மின் இணைப்பை லைசன்ஸ் உள்ள வயர்மேன் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் பாய்ந்தது பாருங்கள், பக்கத்து வீட்டு மக் சிக் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி இரண்டு வாளியோடு வந்தார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது. நான் குழாயைப் பிடித்தபடி, மந்திரி திறப்பு விழாவில் நிற்பது போல நின்றேன்.

இருபது நிமிடம் நின்றிருப்பேன். குழாய் இருமியது, செருமியது, நின்றது.

கணக்கு எளிது. மூன்றடி அகலம், எட்டடி உயரத்துக்குத் தண்ணீர். மொத்தம் 1,600 லிட்டர் சொச்சம். பம்பு நிமிடத்துக்கு 80 லிட்டர் தள்ளுகிறது. எங்கள் பக்கத்துக் களிமண்ணிலோ ஊற்று கசிகிறதே தவிர சுரப்பதில்லை. தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டார் கருகும் என்பதால் தம்பி மிதவை சுவிட்ச் வைத்திருந்தான். அது தன் கடமையைச் செய்தது. வரிசையில் பாதிப்பேர் காலி வாளியோடு நின்றார்கள். "அங்கிள், எப்ப வரும்? முன்கூட்டியே அறிவிச்சிருக்கலாம்ல?" என்றாள் ஒரு பெண். இத்தனை வருடமாகத் தண்ணீர் இலாகாவிடம் தொலைபேசியில் நான் கேட்ட அதே கேள்வி. "படிப்படியாகச் சீராகும்," என்று பதில் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுவாரம் வேட்டி விவகாரம். கிணற்றிலிருந்து வரும்போது தண்ணீர் பளிங்கு. வாளியில் ஒரு மணி நேரம் வைத்தால் மஞ்சள். நிலத்தடியில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிகிறது. அது தெரியாமல் என் வெள்ளை வேட்டிகளையெல்லாம் அதில் அலசிப் போட்டாயிற்று. கோயிலில் பார்த்த நண்பர், "தைப்பூசத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே, அதுக்குள்ள விரதமா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்ததால் வீட்டில் மீன்குழம்பும் நின்றுபோனது.

இப்போது தண்ணீரைத் தொட்டியில் விழவிட்டு, காற்றுப் படவைத்து, மணல் வடிகட்டி வழியாக விடுகிறேன். கழுவவும் செடிக்கு ஊற்றவும் குறையில்லை. குடிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கிணற்றுக் குழாயைப் பொதுக்குழாயோடு எங்கேயும் சேர்க்காதீர்கள். கடைக்குப் போகுமுன் இன்னொன்றும் செய்யுங்கள்: சாயங்காலம் கிணற்றை முழுக்க இறைத்துவிட்டு, காலையில் எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று ஒரு கயிற்றை விட்டுப் பாருங்கள். ஊற்று எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பம்பு. அந்தச் சோதனைக்கு வாளி வேண்டுமென்றால் எங்கள் தெருவில் கேளுங்கள். எல்லார் வீட்டிலும் சும்மாதான் கிடக்கிறது.