பூட்டுக்கு எண்ணெய் போடுற தம்பிக்கு

வாங்க தம்பி. திண்ணையில தூசி, துண்டால தட்டிட்டு உட்காருங்க. உங்க ஐயா காலத்துல இதுல கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வட்டி எழுதினாரு. இப்ப என் ஆடு படுக்குது. பழைய கட்டடத்துக்குப் புதுப் பயன்பாடுன்னு பட்டணத்துல கூட்டம் போட்டுப் பேசுறாகளாமே, என் ஆட்டையும் அந்தக் கணக்குல சேர்த்துக்கங்க. எப்பவாவது வந்து பூட்டுக்கு எண்ணெய் போட்டுட்டுக் கார் ஏறுற உங்களைவிட அதுக்குத்தான் இந்த வீட்டோட பழக்கம் ஜாஸ்தி.

ஓட்டல் வைக்கப் போறீகளாம், காதுக்கு வந்துச்சு. நல்ல காரியம். கானாடுகாத்தான்ல மகளுக்குன்னு ஆசையாக் கட்டின வீடு இப்ப விசாலம்ங்கிற பேர்ல ஓட்டலா நடக்குது. காரைக்குடியில பங்களாங்கிற ஓட்டலை 1999-ல திறந்தாக. கோத்தமங்கலத்துல சாரதா விலாசத்தை ரெண்டு பிரெஞ்சுக்காரக கையில எடுத்துச் சீர்பண்ணி வச்சிருக்காக. ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன். ஆனா செட்டிநாட்டுல 70 ஊருக்கு மேல இருக்கு, வீடு ஆயிரக்கணக்குல நிக்குது. அத்தனையும் ஓட்டலானா படுக்க ஆள் வேணாமா? உங்க ஐயா மாதிரி நீங்களும் கப்பலேறி ரங்கூன்லேர்ந்து கூட்டிட்டு வருவீகளோ என்னமோ.

அந்த வரைபடத்தைக் காட்டுங்க. ஓகோ, வளவுக்கு மேல கண்ணாடிக் கூரை! பலே. சூடு மேல போறதும், மழைத் தண்ணி அண்டாவுக்குள்ள இறங்குறதும் அந்தத் திறப்பு வழியாத்தான். அதை மூடிப்பிட்டா வீடு வேகும். வெந்தா ஏசி வேணும். ஏசிக்கு ஜெனரேட்டர் வேணும். இதென்ன நீலமா? நீச்சல்குளமா! உங்க ஓட்டுல விழுந்த தண்ணி ஓடித்தான் அந்தக் காலத்துல ஊருணி நிறைஞ்சுச்சு. இப்ப ஊருணி காஞ்சு கிடக்கு, அதுக்குப் பக்கத்துல போர் போட்டு வெள்ளைக்காரர் நீந்தட்டும். எங்க மாடு கரையில நின்னு வேடிக்கை பார்க்கும், அதுக்கும் பொழுது போகணும்ல.

மாடி அறைக்குள்ளயே குளியலறை போட்டிருக்கீக. உங்க இன்ஜினியர் ஏற்பாடா? சுவத்துக்குள்ள குழாய் கசிஞ்சா முதல்ல நனையிறது உத்திரத்தோட நுனி. பர்மாத் தேக்குல கரையான் லேசுல ஏறாது. ஆனா சுவத்துக்குள்ள ஊறின நுனியை விடாது. வெளியில பார்த்தா உத்திரம் பளபளன்னுதான் இருக்கும். என்னைக்கு உங்களுக்குத் தெரியுதோ அன்னைக்கு மாடி கீழ கிடக்கும். ஈர வேலை எல்லாத்தையும் பின்கட்டுல கிணத்தடிப் பக்கம் வைங்க. விருந்தாளி கொஞ்சம் நடந்தா கால் தேஞ்சா போகும்?

இந்தச் சுவத்தைத் தொட்டுப் பாருங்க. தொடுங்க, கடிக்காது. எங்க அப்பன் அரைச்ச சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீத்து, ஊற வச்சு, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் விட்டு அரைக்கணும். ஒரு பூச்சு காஞ்ச பெறகுதான் அடுத்த பூச்சு. கடைசிப் பூச்சுக்கு வெண்ணெய் மாதிரி நைசா அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, உருட்டுக் கல்லால தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். தேய்க்கிறவன் முகம் சுவத்துல தெரியணும், அப்பத்தான் கூலி. இங்க பாருங்க, இடது பக்கம், சாம்பக் கலர்ல ஒரு ஒட்டு. போன தடவை உங்க சித்தப்பா ஆள் விட்டு சிமெண்ட்டு பூசுனாரு. சுண்ணாம்புச் சுவரு ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்ட்டு மேல உட்கார்ந்தா ஈரம் உள்ளயே அடைஞ்சு, உப்புப் பூத்து, சுத்தி இருக்கிற நல்ல பூச்சையும் தள்ளிக்கிட்டு வரும். மிச்சம் பிடிச்ச காசு அந்தா, தரையில பொடிப்பொடியாக் கிடக்குது.

சரி, ஓட்டல் வேணாம், இடிச்சுட்டுப் பசுமைக் கட்டடம் கட்டுவோம்னு உங்க தங்கச்சி மாப்பிள்ளை சொல்றாராம். சர்ட்டிபிகேட்டெல்லாம் தருவாகளாமே! மரத்தை வெட்டியாச்சு, பர்மாவுலேர்ந்து கப்பல்ல கொண்டாந்தாச்சு, செங்கல்லைச் சுட்டாச்சு. அந்தப் புகையெல்லாம் உங்க பாட்டன் காலத்துலயே வானத்துக்குப் போயிருச்சு. இப்ப மறுபடியும் சிமெண்ட்டும் கம்பியும் சுட்டுப் புகை விட்டுத்தான் பசுமை வரணுமாம்.

இடிச்சா மரம் எங்க போகும்னும் தெரியும்ல? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு. உங்க பாட்டன் வீட்டுத் தூணு அங்க சாத்தி வச்சிருக்கும், ஆச்சிக கண்ணாடிச் சட்டம், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச்சட்டியோட. பட்டணத்துல செட்டிநாட்டுச் சாப்பாட்டுக் கடை வைக்கிறவரு வந்து வாங்கிட்டுப் போவாரு. அந்தக் கடையில நீங்க குடும்பத்தோட உட்கார்ந்து, நம்ம வீட்டுத் தூணு மாதிரியே இருக்கேன்னு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவீக.

கட்டடம் ஏன் விழுகுதுங்கிறீக? வயசாகி விழுகிறது கம்மி, ஆள் புழங்காம விழுகிறதுதான் ஜாஸ்தி. மதுரையில திருமலை நாயக்கர் மகால் 1636-ல கட்டினது. நாயக்கரோட பேரன் பிரிச்சுத் திருச்சிக்குக் கொண்டு போனது போக நின்ன மிச்சத்துல, 1970 வாக்குல வரைக்கும் ஜில்லாக் கோர்ட்டு நடந்துச்சு. வாய்தா வாங்கியே சொத்தை அழிச்சவன் பாதிப்பேரு அந்தத் தூணுல சாஞ்சுதான் நின்னிருப்பான். அவன் குடும்பம் விழுந்துச்சு, தூணு விழலை. மெட்ராஸ்ல சேப்பாக்கம் கலச மகால் 2012-ல தீப்பிடிச்சுச்சு. போச்சுடான்னுதான் எல்லாரும் நினைச்சாக. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளுகளைத் தேடிப் பிடிச்சு எழுப்பி, இப்ப பசுமைத் தீர்ப்பாயம் அங்க உட்கார்ந்திருக்கு. கோர்ட்டுன்னா கூட்டத்துக்குக் குறைச்சல் இருக்காது பாருங்க.

உங்க வீட்டுக்குக் கோர்ட்டு வேணாம், உங்க பங்காளிக ஏற்கெனவே அந்த வேலையை நல்லாப் பார்க்கிறாக. நான் சொல்றதைக் கேளுங்க. கட்டுக் கட்டாப் பிரிச்சுக் கட்டின வீட்டை ஏன் ஒரே ஆளுக்கு ஒரே தொழிலுக்குக் குடுக்கிறீக? முகப்புலயும் பட்டாலையிலயும் கல்யாணம் நடக்கட்டும், அதுக்குன்னே கட்டினதுதான், ஐநூறு பேர் வந்தாலும் அசையாது. வளவுல நாலு அறையில விருந்தாளி தங்கட்டும், நாலே அறை. ரெண்டாங்கட்டை நம்ம ஊர்ப் பொம்பளைகளுக்கு வாடகைக்கு விடுங்க. சீடை, தேன்குழல், மனகோலம்னு பலகாரம் போட்டுக் காரைக்குடிக்கும் மெட்ராஸுக்கும் அனுப்புறாக, இடம் பத்தாம தகரக் கொட்டகையில வேகுறாக. ஆட்டுரலு, அம்மி, வத்தல் காயப் போட முத்தம், எல்லாம் இங்க சும்மா கிடக்கு. கொட்டான் முடையிறவுகளும் ஒரு ஓரத்துல உட்காரட்டும். சாமி வீட்டு அறையை மட்டும் படைப்புக்குன்னு விட்டுருங்க. அதுல ரிசப்ஷன் வச்சீகன்னா பங்காளிக எல்லாரும் ஆயுசுல முதல் தடவையா ஒத்துமையாயிருவாக, உங்களுக்கு எதிரா.

சினிமாவுக்கு விடலாமான்னு கேக்கிறீக. விடுங்க. குடும்பப் படமா பார்த்து விடுங்க. சண்டைப் படம்னா நிலைக்கதவுல ஆணி அடிக்கிற ஆளுக்குப் பக்கத்துல நான் கம்போட நிப்பேன்னு அக்ரிமெண்டுல எழுதிருங்க.

தரையைப் பார்த்தீகளா, மங்கிப் போச்சுன்னு பாலிஷ் போட ஆள் கூப்பிடப் போறீகளாம். ஆத்தங்குடிக் கல்லு தம்பி இது. கண்ணாடி மேல கலரை ஊத்தி, மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணியில ஊறப் போட்டு எடுக்கிறது. அந்தக் கண்ணாடிதான் முதல் பளபளப்புக் குடுக்குது. மிச்சப் பளபளப்பு ஆள் நடக்க நடக்க வர்றது. அடுப்படி வாசல்ல பாருங்க, இன்னும் மினுங்குது. ஆச்சிக ஓயாம நடந்த இடம். உங்க பாட்டன் கால் படாத மூலை அன்னைக்கும் மங்கல்தான். பலகாரம் போடுற பொம்பளைக நாலு மாசம் நடந்தா உங்க பாலிஷ்காரன் தோத்துப் போவான், அவனுக்குக் கூலி, அவுக உங்களுக்கு வாடகை.

வர்ற வாடகையை வீட்டுக்குள்ளயே திருப்பிப் போடணும், அதைத்தான் ஒருத்தரும் செய்யிறதில்லை. மழைக்கு முன்னால வருசா வருசம் ஓடு மாத்தணும், தகரத் தூம்பு சுத்தம் பண்ணணும். யுனெஸ்கோக்காரக 2014-ல செட்டிநாட்டு ஊர்களைப் பரிசீலனைப் பட்டியல்ல சேர்த்தாக. பெருமைதான். அதுக்காக பாரிஸ்லேர்ந்து யாரும் ஏணியோட வந்து உங்க ஓடு மாத்த மாட்டாக.

பங்காளிக கையெழுத்துப் பாக்கி எத்தனைன்னீக? சிங்கப்பூர்ல ரெண்டு, அமெரிக்காவுல மூணு, அடுத்த தெருவுல ஒண்ணா? சிங்கப்பூரும் அமெரிக்காவும் போன்ல முடியும். அடுத்த தெருக்காரர்தான் கஷ்டம். அவருக்கு ஒரு வாழைத்தாரோட போய், வீட்டைப் பத்திப் பேசாம வந்துருங்க. ரெண்டாம் தடவை அவரே பேசுவாரு.

அது வரைக்கும் சும்மா இருக்காதீக. மேல மச்சு மூலையில அரசங்கன்னு ஒண்ணு முளைச்சிருக்கு. ஒடிச்சுப் போட்டா மறுபடி தழையும், வேரோட தோண்டி எடுத்துட்டுச் சுண்ணாம்பு அடைக்கணும். ஏணியை நான் பிடிச்சுக்கிறேன், நீங்க ஏறுங்க. முதல்ல அந்த இறுக்கிப் பிடிக்கிற பேண்டைக் கழட்டிட்டு ஒரு வேட்டியைக் கட்டிக்கிட்டு வாங்க. வேட்டி இல்லையா? சரி, என் துண்டைத் தர்றேன், கிழிக்காமத் திருப்பிக் குடுங்க.