சாலைச் சிசியும் சபைச் சிசியும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

தேனியிலோ சின்னமனூரிலோ கம்பத்திலோ ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் புதுக் கார் வந்து நின்றால், இறங்குகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது விலை அல்ல. விலையைக் கேட்பது மரியாதைக் குறைவு. தவிர, அதைக் கேட்காமலே தெரிந்துகொள்ள ஊருக்கு வழி தெரியும். "எத்தனை சிசி மாப்ள?" என்பதே கேள்வி. எண்ணை அற்பமாக எண்ணுகிற பள்ளத்தாக்கு அல்ல இது. பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கண்கொட்டாமல் பார்த்திருந்து, 2014-இல் 142 என்று தீர்ப்பு வந்த பிறகே மூச்சு விட்ட பூமி. ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏலக்காய்க்குப் போடியில் ஏல மையமும் தினசரி விலைப் பட்டியலும் இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் சொகுசு செடானுக்கு எத்தனை சிசி தகும் என்று ஆராயத்தான் நாதியில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இலக்கணம். சிசி என்பது என்ஜினின் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் மொத்தக் கொள்ளளவு. இது பொறியியலாளர் சொல்லும் பொருள். பள்ளத்தாக்கின் வழக்கில் இது இருவகைப்படும். வண்டியை ஏற்றத்தில் இழுத்துச் செல்வதற்குத் தேவையான அளவு ஒன்று; இதைச் சாலைச் சிசி என்போம். நாலு பேர் கூடிய இடத்தில் வாய்விட்டுச் சொல்வதற்குத் தேவையான அளவு மற்றொன்று. இது சபைச் சிசி. வாங்குகிறவர்கள் இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி, சபைக்கு வேண்டியதைச் சாலையின் பேரில் கணக்கெழுதுகிறார்கள். "மலை ஏறணும்ல, அதான் பெரிய என்ஜினா பாத்தேன்" என்பது அந்தக் கணக்கின் முதல் வரி. மலையேற எவ்வளவு வேண்டும் என்பதை நாம் அளந்தே பார்த்துவிடலாம்.

போடியை அடுத்த முந்தலில் தொடங்கி போடிமெட்டுக்கு ஏறும் சாலையை ஆய்வுக்களமாகக் கொள்வோம். கொண்டை ஊசி வளைவுகள் 17. ஏறும் உயரம் ஏறக்குறைய 1000 மீட்டர். செடானையும், உள்ளே ஐந்து பேரையும், டிக்கியில் இருக்கும் தட்டு வரிசையையும் சேர்த்து 2000 கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். இந்த எடையை 1000 மீட்டர் தூக்க ஆகும் ஆற்றல் 1.96 கோடி ஜூல். கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை 40 நிமிடப் பயணத்துக்குப் பங்கிட்டால், வேண்டியது சுமார் 11 குதிரைத்திறன். டயர் உருளும் தடைக்கு மூன்று நான்கு, ஏசிக்கு மூன்று நான்கு என்று கூட்டினாலும் இருபதைத் தாண்டாது. மலை கேட்பது சராசரியாக இருபது குதிரைகளை. சமதளத்திலும் கதை அதேதான்: வீரபாண்டியிலிருந்து உத்தமபாளையம் பக்கம் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போனால், காற்றைக் கிழிக்கவும் டயரை உருட்டவும் சேர்த்து இருபது குதிரைகளே போதும். வாழைத்தார் லாரியும் கிடை ஆடுகளும் அந்த 100-ஐ எத்தனை நிமிடம் அனுமதிக்கும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இது காகிதக் கணக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு வரலாற்றுச் சான்று உண்டு. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பாருங்கள். உள்ளே எத்தனை பேர் என்பதை எண்ணுவது போக்குவரத்துத் துறையின் வேலை. அந்த வகையில் நாம் நன்கறிந்த மகிந்திரா பொலேரோவின் பழைய டீசல் என்ஜின் 2523 சிசி. திறன் 63 குதிரை. இன்னும் பின்னே போனால் அம்பாசடர். அதன் பெட்ரோல் என்ஜின் 1489 சிசி. அதே 1489 சிசியில் டீசல் என்ஜினும் வந்தது. அதன் திறன் 37 குதிரை. பெரியவர்கள் பிளசர் என்று சொல்லிப் பழகிய அந்த வண்டி, கார்த்திகை மார்கழியில் ஐயப்ப சாமிகளை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலையில் ஏறியது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வழியில் நின்றிருக்கலாம். போகாமல் திரும்பியதாக யாரும் சொல்வதில்லை. இன்று ஏறக்குறைய அறுபது லட்ச ரூபாய்க்கு விற்கும் பென்ஸ் சி 200-இன் என்ஜின் 1496 சிசி. அம்பாசடரை விட ஏழு சிசி அதிகம். அறுபது ஆண்டுக் காலத்தில் பள்ளத்தாக்கின் கௌரவ வண்டி கண்ட வளர்ச்சி, சிசிக் கணக்கில், ஏழு. குதிரைத்திறனோ டீசல் அம்பாசடரின் 37-இலிருந்து 204-க்குப் போய்விட்டது. சிசியைக் கேட்டு வண்டியின் வலுவை அறியலாம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

அற்றேல், சராசரி இருபது போதுமென்றால் 204 எதற்கு எனின், நல்ல தடைதான். சாலை சராசரியால் ஆனதல்ல. மலைப்பாதையில் முன்னே கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிய லாரி ஊர்ந்து போகிறது. அடுத்த வளைவுக்குள் அதைத் தாண்ட வேண்டும். 2000 கிலோ வண்டியை எட்டு சதவீத ஏற்றத்தில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஐந்து விநாடியில் 60-க்குக் கொண்டுபோக, அந்த ஐந்தாவது விநாடியில் நூற்றுப் பத்துக்குச் சற்று மேல் குதிரைத்திறன் தேவைப்படும். ஆக, பள்ளத்தாக்கில் ஒரு செடான் வாழ்நாளில் சந்திக்கும் ஆகப்பெரிய சோதனை இந்த நூற்றுப் பத்துதான். 1498 சிசி டர்போ பெட்ரோல் பூட்டிய ஸ்கோடா ஸ்லாவியாவே 150 தருகிறது. அதற்கு மேல் இருக்கும் குதிரைகள் லாயத்திலேயே நின்று கொள்ளுத் தின்னும்.

உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், என்ஜின் மூச்சு வாங்கும், ஆகவே மலை நாட்டுக்குப் பெரிய என்ஜினே முறை என்பது இரண்டாவது தடை. அம்பாசடர் காலத்தில் இது முழு உண்மை. 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறையும். தானாக மூச்சிழுக்கும் என்ஜினின் வலுவும் ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கும். டர்போ வந்தபின் இந்த வாதம் தளர்ந்துவிட்டது, ஏனெனில் டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. குறைந்ததை அதுவே ஈடு கட்டுகிறது. டீசல்காரர்கள் "இழுவை" என்று சொல்லிக் கண்கள் மின்னுவார்களே, அது டார்க். தாழ்ந்த சுற்றிலேயே கிடைக்கும் அந்த இழுவை கொண்டை ஊசி வளைவில் உண்மையிலேயே சுகம்தான். அதையும் சிசி தனியாகத் தருவதில்லை. சிசியும் டர்போவும் கியரும் கூடித் தருகின்றன.

மூன்றாவது தடையை மட்டும் இக்கட்டுரை எழுந்து நின்று வரவேற்கிறது. ஏறுவதைப் பேசினீர்கள், இறங்குவதை? மேலே ஏற்றிய அந்த 1.96 கோடி ஜூலும் இறங்கும்போது எங்கோ போயாக வேண்டும். காலால் மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனையும் பிரேக்கில் சூடாக இறங்கும். முந்தல் வருவதற்குள் கருகல் வாடை வரும். அந்தச் சூட்டில் பங்கு வாங்கிக்கொள்வது என்ஜின். கொள்ளளவு பெரிதென்றால் என்ஜின் பிடிப்பும் கூடும் என்பதை மறுக்க முடியாது. சிசிக்குச் சாலையில் இருக்கும் நேர்மையான ஒரே மரியாதை இது. வாங்குகிறவர் எவரும் இதற்காக வாங்குவதில்லை என்பதுதான் வேதனை. எனினும் பிடிப்பைத் தீர்மானிப்பதில் சிசியை விடக் கியருக்கே கை ஓங்கியிருக்கிறது. இரண்டாவது கியரில் இறங்கும் 1500, நாலாவது கியரில் இறங்கும் 3000-ஐ விடப் பத்திரமானது. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் கையால் பிடித்து வைக்க வசதி உண்டு. பலர் அந்தப் பித்தானைத் தொட்டதே இல்லை. எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கும் சிக்கன சாஸ்திரிகளுக்கு எந்த என்ஜினாலும் பயனில்லை. (மலைப்பாதையில் நீளமும் கவனிக்கத்தக்கது; ஐந்து மீட்டருக்கு மேல் நீண்ட பென்ஸ் இ கிளாஸை வளைவில் ஒடிக்கும்போது எதிரே பஸ் வந்தால் சிசி கைகொடுக்காது. வேகத்தடையில் அடி தட்டுவதற்கும் அது மருந்தல்ல.)

சாலைக்குத் தேவையில்லை என்றால், இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன? அரசாங்கத்திலிருந்து. இந்தியாவில் என்ஜின்கள் 1197, 1199, 1498 என்று கோட்டுக்கு ஒரு நூலிழை இந்தப் பக்கம் பிறப்பது பொறியியலால் அல்ல, வரியால். 2025 செப்டம்பர் 22-க்கு முன்வரை, நாலு மீட்டரைத் தாண்டிய செடானுக்கு 1500 சிசிக்குள் என்றால் ஜிஎஸ்டியும் செஸும் சேர்த்து 45 சதவீதம், மேலே போனால் 48 சதவீதம். இப்போது இரண்டுக்கும் ஒரே 40. சிறு காருக்கு மட்டும் 18. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 2000 சிசிக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளின் பதிவை நிறுத்தியபோது, மகிந்திரா நிறுவனம் 2.2 லிட்டர் என்ஜினைச் சில வாரங்களில் 1.99 லிட்டராகச் சுருக்கிக் கொண்டுவந்தது. அடுத்த ஆகஸ்டில் தடை நீங்கியது. சிசி என்பது இயற்கையின் விதி என்று இன்னும் நினைப்பவர்கள் இந்த எட்டு மாதங்களை நினைவில் கொள்க. தமிழ்நாட்டின் ஆயுள் வரியோ சிசியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. விலை இருபது லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம், அவ்வளவே. அறுபது லட்ச வண்டிக்கு அது பன்னிரண்டு லட்சம்.

இனிச் சபை. இடுக்கியின் புற்றடி ஏலத்தில் 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7000 ரூபாய்க்குப் போனது. அத்தகைய காலத்தில் தோட்டக்காரர் ஒருவர், "நமக்குத் தேவை நூற்றுப் பத்துக் குதிரைதான்" என்று கணக்குப் பார்த்து வண்டி எடுத்தால் சொந்தபந்தம் அவரைச் சந்தேகிக்கும். தோட்டம் போச்சோ என்று விசாரிக்க ஆள் வரும். சபைச் சிசி ஒரு தேவை என்பதை ஆய்வாளன் மறுக்கக் கூடாது. அதை எங்கிருந்து வாங்குவது என்பதில்தான் விவேகம் வேண்டும். ஒரு காலத்தில் டிக்கி மேல் ஒட்டிய எண்ணும் உள்ளே இருந்த என்ஜினும் பொருந்தின: பென்ஸில் 220 என்றால் 2.2 லிட்டர்; பிஎம்டபிள்யூவில் 330 என்றால் மூன்றாம் வரிசை, 3 லிட்டர். இன்று பென்ஸ் சி 200-க்குள் இருப்பது 1496. பிஎம்டபிள்யூ 330-க்குள் இருப்பது 1998. அதாவது முன்னதில் 504 சிசியும் பின்னதில் 1002 சிசியும் வெறும் எழுத்தாக, உலோகச் செலவின்றி, கம்பெனிக்காரர்களே சபைக்கென்று கொடுத்தனுப்புகிறார்கள். கேட்கிற மாமனுக்கு "டூ ஹண்ட்ரட்" என்று பதில் சொன்னால் போதும். மீதிப் பெருக்கலை அவரே செய்துகொள்வார். பொய் சொன்ன பாவமும் இல்லை.

அஃதேல், மறுவிற்பனையில் சிறிய என்ஜினுக்கு விலை கிடைக்காதே எனின், பழைய வண்டி வாங்க வருகிறவர் முதலில் கேட்பது ஓடிய கிலோமீட்டரையும் இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றையும்தான். சிசியை அவர் ஆர்சி புத்தகத்தில் பார்த்துக்கொள்வார்.

ஆகவே தீர்ப்பு: கம்பம் பள்ளத்தாக்கில் குடும்பத்துக்குச் சொகுசு செடான் எடுப்பவர் 1500 சிசிக்குள் டர்போ வண்டியை எடுப்பதே முறை. மூன்று தலைமுறைச் சொந்தமும் ஒரே தெருவில் இருக்கிறவர்கள் மட்டும் 330-ஐப் பரிசீலிக்கலாம். சிசி எத்தனை என்று எந்த உள்நோக்கமும் இன்றிக் கேட்கிற ஒரே ஆசாமி இன்சூரன்ஸ்காரர்தான். 2022 ஜூனில் அமலான கட்டணப்படி, தேர்டு பார்ட்டி காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 1000 சிசிக்கு மேல் 1500 வரை 3416 ரூபாய், அதைத் தாண்டினால் 7897. மண்டப வாசலில் 2000 என்று எண்ணப்படும் சி 200, அவருடைய பதிவேட்டில் 1496-தான். கட்ட வேண்டியது 3416, வரி தனி.