செட் எந்த வீட்டுப் பிள்ளை?

கணினி வரலாறு எழுதியவர்கள் எல்லாரும் மேதைகளைப் பற்றித்தான் எழுதினார்கள். மேதைகள் கண்டுபிடித்தது, விருது வாங்கியது, தாடி வளர்த்தது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த மேதைகள் வரப்புத் தகராறு பண்ணியதை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு பில்டு புட்டுக்கொண்டு திரை முழுக்க சிவப்பெழுத்தாக ஓடுகிறதே, அதில் பாதி உங்கள் கோடின் குற்றமே இல்லை. அது ஐம்பது வருஷத்துப் பங்காளிச் சண்டை. வாய்தா வாங்கி வாங்கி உங்கள் லேப்டாப் வரை வந்து நிற்கிறது.

யூனிக்ஸ் பிறந்தது 1969-இல், நியூ ஜெர்சியில் மர்ரே ஹில் என்ற இடத்தில், பெல் ஆய்வுக்கூடத்தில். பெற்றவர்கள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும். வீட்டுக்காரர் ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பெனி. 1956-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்க முடியாது. வீட்டில் வைரம் இருக்கிறது, கடை போட உரிமை இல்லை. ஆகவே பல்கலைக்கழகங்களுக்குச் சொற்ப விலையில், சோர்ஸ் கோடோடு தூக்கிக் கொடுத்தார்கள். ஓசிக்குப் பக்கத்தில் வந்த பொருளை நோண்டாமல் வைத்திருந்த மாணவன் எந்த ஊரில் இருக்கிறான்?

குடும்பம் பிரிவதற்கு முன்பே முதல் கோணல் நடந்துவிட்டது. 1976-இல் ஒரு நாள், ‘யாக்’ என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் திட்டிக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்கு வந்தார். காலை முழுக்க ஒரு பிழையைத் தேடியிருக்கிறார். பிழையை ஏற்கெனவே திருத்தியாயிற்று. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் பண்ணத்தான் மறந்துவிட்டார். ஃபெல்ட்மனுக்கும் முந்தின சாயங்காலம் அதே கதை நடந்திருந்தது. ‘இதற்கு ஒரு வழி பண்ணுகிறேன்’ என்று உட்கார்ந்தவர் மாறிய கோப்பைத் தானே கண்டுபிடித்து மறுபடி கம்பைல் பண்ணும் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். கட்டளை வரி எல்லாம் டேப் வைத்துத் தொடங்க வேண்டும் என்று அவசரத்தில் ஒரு விதியும் வைத்தார். விதி அசடு என்று கொஞ்ச நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் மனசு நோகக் கூடாதே என்று மாற்றாமல் விட்டார்.

பன்னிரண்டு பேர் மனசு நோகவில்லை. பிறகு வந்த அத்தனை பேர் மனசும் நொந்தது. டேப்புக்குப் பதில் எட்டு ஸ்பேஸ் அடித்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்; மேக்குக்கு ஒன்றில்லை. குனூ என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் மேக் அதைச் சொல்கிற தோரணையைப் பாருங்கள்: ‘எட்டு ஸ்பேஸுக்குப் பதில் டேப் வைக்க நினைத்தீர்களோ?’ என்று அடைப்புக்குறிக்குள் பவ்யமாகக் கேட்கிறது. தப்பு தெரிகிறது, திருத்தமும் தெரிகிறது. ஆனாலும் செய்ய மாட்டேன் என்று நின்றுவிடுகிறது. இந்த மேக்குக்குத்தான் 2003-ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது. பொருத்தமான விருதுதான், சந்தேகமில்லை.

அடுத்து பாகப்பிரிவினை. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து பில் ஜாய் கோஷ்டி, வாங்கிய யூனிக்ஸைத் திருத்தி பிஎஸ்டி என்று தனிக்குடித்தனம் போனது. 1984-இல் ஏடி அண்ட் டி கம்பெனியையே உடைத்துப் பிரித்தார்கள். வியாபாரத் தடை நீங்கியது. ஏடி அண்ட் டி தன் யூனிக்ஸை சிஸ்டம் ஃபைவ் என்று கடை விரித்தது. சன், ஐபிஎம், எச்பி, டெக் என்று ஆளாளுக்கு இரண்டு வீட்டுச் சாமானிலும் பிடித்ததை எடுத்துக்கொண்டு தனித்தனி யூனிக்ஸ் விற்றார்கள்.

சாமான்களின் பெயர் ஒன்று, புத்தி வேறு. வரி முறியாமல் ஒரு சொல்லை அச்சடிக்க பெர்க்லி வீட்டு ‘எக்கோ’வுக்கு ‘-என்’ போட வேண்டும். சிஸ்டம் ஃபைவ் எக்கோவிடம் அதையே சொன்னால், ‘-என்’ என்பதையும் சேர்த்து அச்சடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஸ்கிரிப்ட் எழுதித் தரும் ஹெடர் கோப்பில் அந்த ‘-என்’ போய் உட்கார்ந்துகொண்டால், சம்பந்தமே இல்லாத கம்பைலர் வந்து ஒப்பாரி வைக்கும். ‘கில்ஆல்’ இன்னும் விசேஷம். லினக்ஸில் பெயர் சொன்னால் அந்தப் பெயருள்ள புரோகிராமை மட்டும் நிறுத்தும். சோலாரிஸில் அதே பெயருள்ள கட்டளை, மெஷினை மூடும் நேரத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் தீர்த்துக்கட்டவென்றே வைத்திருப்பது. லினக்ஸ் பழக்கத்தில் ரூட் அதிகாரத்தோடு அதைத் தட்டியவர்களின் கதை சீக்கிரமே முடிந்துவிடும்.

பஞ்சாயத்து கூடியது. 1988-இல் ஐஇஇஇ போசிக்ஸ் என்ற தரத்தை வெளியிட்டது. 1992-இல் ஷெல்லுக்கும் கட்டளைகளுக்கும் தனி அத்தியாயம். கோப்புகளைக் கட்டிவைக்க ‘டார்’ சரியா, ‘சிபிஐஓ’ சரியா என்று இரண்டு கட்சி. நாட்டாமைகள் இரண்டையும் விட்டுவிட்டு ‘பேக்ஸ்’ என்று மூன்றாவதாக ஒன்றைத் தீர்ப்பாகக் கொடுத்தார்கள். இரண்டு கட்சியும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. பேக்ஸை யாரும் தொடவில்லை. போசிக்ஸ் என்று பெயர் வைத்ததே குனூ இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன்தான். டிஸ்க் அளவை 512 பைட் துண்டுகளில் காட்ட வேண்டும் என்று அந்தத் தரம் சொன்னதும் பெயர் வைத்தவருக்கே கோபம் வந்துவிட்டது. 1024 தான் மனுஷனுக்கு உகந்தது என்று அவர் கட்சி. தரத்தின்படிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காக ஒரு சூழல் மாறி வைத்து, அதற்கு ‘போசிக்ஸ் மீ ஹார்டர்’ என்று பெயரிட்டார். பெயர் கொஞ்சம் ஏ சர்டிஃபிகேட் ரகம் என்பதால் பிறகு ‘போசிக்ஸ்லி கரெக்ட்’ ஆக்கினார்கள்.

தீர்ப்பை யாரும் மதிக்காத ஊரில் வேறென்ன செய்வது? சந்தேகப்படுவதுதான் வழி. 1991-இல் டேவிட் மெக்கென்சி ஆட்டோகான்ஃப் எழுதினார். அது பெற்றுப்போட்ட ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட் யாரையும் நம்பாது. சி கம்பைலர் வேலை செய்கிறதா? நீள வரியைத் தாங்கும் கிரெப் இருக்கிறதா? கடைசிவரை வெட்டாமல் எழுதுகிற செட் இருக்கிறதா? ‘இந்தச் சூழல் புத்தி சுவாதீனமாக இருக்கிறதா’ என்றுகூட ஒரு கேள்வி உண்டு. பயப்பட வேண்டாம், இப்போது உண்டாக்கிய கோப்பு, மென்பொருளோடு வந்த கோப்பைவிடப் புதுசாக இருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். உங்கள் மெஷின் கடிகாரம் பின்னால் ஓடினால் சுவாதீனம் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிடும்.

இத்தனைக்கும் அசராதது, கோப்பின் வரிகளைத் திருத்தும் கட்டளையான செட். ‘-ஐ’ போட்டால் கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும். பழைய பிரதியை எந்த வால் ஒட்டிச் சேமிப்பது என்பதில்தான் வில்லங்கம். குனூ செட்டுக்கு வால் இஷ்டம். ஆப்பிள் மெஷினில் இருக்கும் பிஎஸ்டி செட்டுக்குக் கட்டாயம். வேண்டாமென்றால் வெற்று மேற்கோள்குறி போட்டாவது ‘வேண்டாம்’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். லினக்ஸில் எழுதியதை ஆப்பிள் மெஷினில் ஓட்டினால் உங்கள் திருத்தக் கட்டளையை வால் என்று எடுத்துக்கொண்டு, கோப்பின் பெயரைக் கட்டளை என்று வாசிக்கும். கோப்பு ‘கான்ஃபிக்’ என்று ‘சி’யில் ஆரம்பித்தால், ‘சி கட்டளைக்குப் பின்னால் வாசகம் எங்கே’ என்று கேட்கும். ‘மெயின்’ என்றால், எம் என்றொரு கட்டளையே கிடையாது என்று கைவிரிக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் எரர் மாறுகிறது என்றால் எந்த மனுஷன் செட்டைச் சந்தேகப்படுவான்? ஒட்டி எழுதிய வால், ‘-ஐ.பேக்’ என்பது போல, இரண்டு வீட்டிலும் செல்லும். ஓடி முடிந்ததும் பேக் கோப்பை அழித்துவிடலாம்.

ஆப்பிள் வேறு உயில் எழுதி வைத்திருக்கிறது. 2007-இல் குனூவின் ஜிபிஎல் உரிமத்துக்கு மூன்றாம் பதிப்பு வந்ததும், அந்த உரிமத்தில் வருகிற எதுவும் வீட்டுப்படி ஏறக் கூடாது என்று முடிவு. ஆகவே ஆப்பிள் தரும் பாஷ் ஷெல் இன்னும் 3.2 தான். 2019-இல் ‘இசட்ஷெல்’லை முன்வாசலில் உட்காரவைத்தார்களே தவிர, பழைய பாஷுக்குப் புதுச் சட்டை தைக்கவில்லை. பாஷ் 4-இல் வந்த வசதியை நம்பி நீங்கள் எழுதிய பில்டு ஸ்கிரிப்ட் அங்கே போய் விழும். புரோகிராம் பிழையால் அல்ல, வக்கீல் நோட்டீஸால்.

ஆகவே பில்டு விழுந்தால் கோடைக் கலைக்காதீர்கள். முதலில் ‘டைப் -ஏ’ என்று தட்டி, கட்டளை எந்தெந்த டைரக்டரியில் இருக்கிறது, பாத் வரிசையில் எது முந்துகிறது என்று பாருங்கள். பிறகு ‘வெர்ஷன்’ கேளுங்கள். குனூ செட் என்றால் பெயர், எண், காப்புரிமை, உத்தரவாதம் கிடையாது என்ற எச்சரிக்கை வரை ஒப்பிக்கும். ஆப்பிளின் செட் அந்தக் கேள்வியே சட்டவிரோதம் என்று முறைத்துக்கொள்ளும். முறைத்தால் சந்தோஷப்படுங்கள். அது பிஎஸ்டி வீட்டுப் பிள்ளை.