மீசைக்காரன் கையில் குரோஷா ஊசி

கார்க், அயர்லாந்து
தை மாசக் கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. தினமும் வீடியோவில் மூஞ்சியைக் காட்டுகிறவன் எதுக்குலே கடுதாசி எழுதுகிறான் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். காலையில் குளச்சல் மாமன் படிப்பார், மத்தியானம் குவைத்தில் அவர் மகன் படிப்பான், சாயங்காலம் அது கை கால் முளைத்து மறுபடியும் நம்ம வீட்டு நடைக்கே வந்து நிற்கும். இந்த விஷயம் அப்படிப் போகக்கூடாது. அதனால்தான் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

நான் குரோஷா பின்னுகிறேன்.

சிரித்தது போதும், மேலே படி. அத்தானிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே.

எல்லாத்துக்கும் காரணம் இந்த ஊர் மழைதான். நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை. ரெண்டும் வரும், பெய்யும், போகும். இந்த ஊர் மழை வீட்டோட மாப்பிள்ளை. சத்தம் போட்டுப் பெய்யவும் செய்யாது, எழுந்து போகவும் செய்யாது. மார்கழியில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. எனக்கு வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர்களுக்குள்ளேயே ஐரிஷ்காரர் மாதிரி இங்கிலீஷ் பேசிச் சிரித்துக்கொள்ளும். எனக்குப் பாதிதான் புரியும், அந்தப் பாதியிலும் சிரிப்பு வராது. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள்: "இப்படியே இருந்தா உங்களுக்குக் கிறுக்குதான் பிடிக்கும். பக்கத்துல லைப்ரரி இருக்கு, போயிட்டு வாங்க."

லைப்ரரியில் ஹீட்டர் ஓசி. அந்த ஆசையில் போனேன். ஹீட்டரை ஒட்டிய மேசையில் பாட்டிமார் கூட்டம் ஒன்று உல்லன் நூலும் ஊசியுமாக உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த ஒரே நாற்காலி அங்கேதான். உட்கார்ந்தேன். வெறும் கையோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. தொண்ணூறைத் தொடும் ஒரு பாட்டி முனை வளைந்த ஊசி ஒன்றையும் ஒரு பச்சை உருண்டையையும் என் முன்னால் தள்ளி, டீயும் பிஸ்கட்டும் வைத்தார். டீ குடித்த பிறகு எழுந்து போக முடியுமா? நம்ம வளர்ப்பு அப்படியில்லையே.

பெண்டுகள் வேலையை ஆம்பளை செய்வதா என்று குளச்சல் மாமன் கேட்பார். கேட்டால் இப்படிச் சொல்லு: முட்டத்திலும் மணக்குடியிலும் படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்கள் யார்? தோவாளையில் அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடக்கி மடக்கி, கல் பதித்த நகை என்றே நம்பும்படி மாணிக்க மாலை கட்டுகிறவர்களில் மீசை வைத்தவர்கள் இல்லையா? அவர்களை யாரும் கேலி பண்ணவில்லை. என் கையில் இருப்பது ரோஸ் கலர் உல்லன் என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்தக் கலரைத் தேர்ந்தெடுத்தது உன் மருமகள், நான் இல்லை.

வேலை என்னவோ எளிதுதான். ஒரு கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் இன்னொரு கண்ணி. மொத்த வித்தையும் அதற்குள் அடக்கம். ரெண்டு ஊசி வைத்து ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு ஊசி நிறையக் கண்ணிகள் தொங்கும். ஒன்று நழுவினால் கீழே வரைக்கும் ஓட்டமெடுக்கும். குரோஷாவில் ஒரு பின்னல் முடிந்ததும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் மிஞ்சும். அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு ஓடலாம். பிடிக்கவில்லையா, நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு. மொத்தமும் கழன்று பழைய உருண்டையாகிவிடும். ஆபீஸில் அனுப்பின மெயிலை அப்படி இழுக்க முடியுமா, சொல்லு.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், எண்ணிக்கை. பதினெட்டு, பத்தொன்பது என்று போகும்போது வீட்டுக்கடன் ஞாபகம் வந்தால் எண்ணிக்கை தப்பும். மறுபடி வரிசையின் தொடக்கத்துக்குப் போகணும். அதனால் கடன் தானாகவே வாசலில் காத்து நிற்கிறது. ராத்திரி டியூட்டி முடிந்து வருகிறவள் பார்த்து, "என்ன, நேத்து நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்கிறாள். டாக்டர்கள் இதுக்கு என்னென்னவோ பேர் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது, கைக்கு வேலை கொடுத்தால் மண்டை கொஞ்சம் வாயை மூடுகிறது.

அந்தப் பாட்டி எனக்குக் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது குளோன்ஸ் முடிச்சு. குளோன்ஸ் என்பது இங்கிருந்து வடக்கே, எல்லையோரம், மோனகன் மாவட்டத்தில் ஒரு ஊர். மெல்லிய பஞ்சு நூலில் கண்ணி இழுத்து, ஊசியை முன்னும் பின்னும் ஆட்டி அதன்மேல் நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டணும். பிறகு அத்தனை சுற்றுக்கும் உள்ளே கூடி நூலை ஒரே இழுப்பில் வெளியே எடுக்கணும். இழுப்பு லேசானால் முடிச்சு தொளதொளத்துப் போகும், இறுகினால் ஊசி சிக்கிக்கொள்ளும். ரோஜாப்பூ, ஷாம்ராக் இலை, திராட்சைக் குலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்னி, ஒரு துணியில் கவிழ்த்துக் குத்திவைத்து, இடையில் இருக்கும் வெற்றிடத்தை இந்த முடிச்சு வைத்த வலையால் நிரப்புவார்கள். ஐரிஷ் குரோஷா என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது இதுதான். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுப் பூ இன்னொரு வீட்டுக்குத் தெரியக்கூடாதாம். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினால் மடியில் இருப்பதைத் துணி போட்டு மூடிவிடுவார்களாம். பாட்டி இதைச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்துப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லையோ என்னவோ, தன் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டார்.

இந்தப் பூ எல்லாம் அழகுக்குப் பிறந்தது இல்லை அக்கா, பசிக்குப் பிறந்தது. 1845-இல் இங்கே உருளைக்கிழங்கில் அழுகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் மூணு வேளைச் சாப்பாடு. நம்ம ஊரில் மரச்சீனிக் கிழங்கு மொத்தமும் நாலைந்து வருஷம் மண்ணுக்குள்ளேயே அழுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார். (திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் ராஜா மரச்சீனியைப் பரப்பியது 1880-களில்தான். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது ராஜ்ஜியத்தைத் தாங்கியது அந்தக் கிழங்கு.) இங்கே பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அப்போது குளோன்ஸ் ஊர்க் கோயில் பாதிரியாரின் மனைவி கஸாண்ட்ரா ஹேண்ட், 1847-இல் பெண்களைக் கூட்டிவைத்துக் குரோஷா சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கார்க்கிலே கன்னியர் மடத்து அம்மாமார் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் உழைக்க ஆளில்லாதபோது பெண்பிள்ளைகளின் ஊசி அடுப்பை எரித்தது. அமெரிக்கக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் பலருக்கு அந்த ஊசிதான்.

இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. பாதிரியார் மனைவி, ஊசி, நூல், ஏழைப் பெண்கள் — இந்தக் கதையை நாகர்கோவில் உங்களுக்கு முன்னாடியே எழுதிவிட்டது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். லண்டன் மிஷன் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். 1820-களின் தொடக்கத்திலேயே மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளைத் தங்கிப் படிக்க வைத்து, ரேந்தை, அதான் லேஸ், பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெண்கள் தோளில் சீலை போட்டால் பிடித்து இழுத்த காலம் அது. அடிமைகளை விற்று வாங்கிய காலம். ரேந்தைக் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்ததே 1855-இல். தோளில் சீலை போடும் உரிமைக்கு 1859 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, ஒரு முழம் ரேந்தைக்குள் என்னென்ன இருந்தது, பார்.

பாட்டிமார் வாயைப் பிளந்து கேட்டார்கள். அப்போதுதான் கைவசம் வைத்திருந்த கடைசிச் சீட்டை இறக்கினேன். மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் கல்யாணம் கட்டிய ராபர்ட் கால்டுவெல் எந்த நாட்டில் பிறந்தார் தெரியுமா? அயர்லாந்தில், ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளேடியில், 1814-இல். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதி, சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்கிறவர் நம்ம நாகர்கோவில் மாப்பிள்ளை. எலைசா சீதனமாக வேறென்ன கொண்டுபோனாரோ தெரியாது, ரேந்தை வித்தையைக் கொண்டுபோனார். தேரிக்காட்டு இடையன்குடியில் பெண்களைச் சேர்த்து அங்கேயும் தொடங்கிவைத்தார். "அப்படியானால் நாம் சம்பந்திகள்" என்றார் தொண்ணூறு வயசுப் பாட்டி. அன்றிலிருந்து எனக்கு ரெண்டு பிஸ்கட் கூடுதல்.

உன்னையும் அங்கே இழுத்துப் பேசிவிட்டேன். முளகுமூட்டுக்கு 1897-இல் பெல்ஜியத்தில் இருந்து வந்த அன்னை மேரி லூயிஸ், அவர் தொடங்கிவைத்த சபை, அந்த ஊரில் வளர்ந்த ரேந்தை வேலை எல்லாம் சொன்னேன். பிறகு, எங்க அக்கா பாவாடை சட்டை போட்ட வயசிலேயே உருண்டைத் தலையணையை மடியில் வைத்து, வரைந்த தாளைக் குண்டூசியால் குத்தி, ஜோடி ஜோடியாக மரக்குச்சிகளை மாற்றி மாற்றி வீசுவாள், அந்தக் கடகட சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன் என்றும் சொன்னேன். "அவள் பின்னியதில் ஒன்று உன் வீட்டில் இருக்கிறதா?" என்று ஒருத்தி கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒரு கைக்குட்டை கூட இல்லை. எல்லாம் முழம் போட்டு அளந்து, கப்பலேறிப் போய், யார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலோ கிடக்கிறது. உன் கல்யாணச் சேலையின் ஜாக்கெட்டுக்குக் கூட தக்கலைக் கடையில் மெஷின் லேஸ்தானே வாங்கித் தைத்தோம். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை, உனக்குத் தோன்றியிருக்கும். கூலிக்குப் பின்னிய கை கூலி நின்றதும் நின்றுபோனது நியாயம்தான். ஆனால் அக்கா, சும்மா பின்னுவது என்று ஒன்று இருக்கிறது. யாரும் அளக்கமாட்டார்கள், கறை பட்டால் கூலி வெட்டமாட்டார்கள். அதன் ருசி வேறே.

சும்மா பின்னுகிறவர்கள் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம சென்னையே சாட்சி. சுபஸ்ரீ நடராஜன் என்ற அம்மா தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' கூட்டத்துப் பெண்கள் 2016 ஜனவரியில் சென்னையில் ஒரு போர்வை விரித்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். அப்போது அது கின்னஸ் சாதனை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரெண்டே முக்கால் ஏக்கர் வருகிறது. நம்ம அப்பா விட்டுப்போன வயலைவிடப் பெரிசு. வரப்புத் தகராறும் கிடையாது.

என் சாதனை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. பெரிய பயலுக்கு ஒரு மப்ளர் பின்னினேன். ஒரு முனை நாலு விரல், மறு முனை ஒரு சாண். அவன் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போய், எங்க ஊர்ப் பாரம்பரிய டிசைன் என்று சொல்லிவிட்டான். வாத்தியார் போட்டோ எடுத்துக்கொண்டாராம். நாஞ்சில் நாட்டு மானம் இப்போது அந்தப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிறது.

இனி காரியம். வீட்டுக்காரி டியூட்டிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஒயர் கூடை ஞாபகம் இருக்கா? பச்சையும் மஞ்சளுமாக நீ போட்டுக்கொடுத்த சிவன் கண் கூடை. (நம்ம பங்குச் சாமியாருக்கும் நீ சிவன் கண்தான் போட்டுக்கொடுத்தாய், அவரும் ஒன்றும் சொல்லாமல் அதில்தான் மீன் வாங்கினார்.) அதில் ஒருநாள் நூல் உருண்டைகளை வைத்து லைப்ரரிக்குக் கொண்டுபோய்விட்டேன். பாட்டிமார் அன்று குரோஷாவைத் தொடவே இல்லை. கூடையைக் கவிழ்த்தார்கள், கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்கள், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முடிச்சை எண்ணினார்கள். தையல் இல்லை, பசை இல்லை, எப்படி நிற்கிறது என்று ஒரே வாக்குவாதம். "உன் அக்கா எங்களுக்கு வீடியோவில் சொல்லித்தருவாளா?" என்று கேட்டுவிட்டார்கள். நான் சம்மதித்துவிட்டேன். உனக்கு இங்கிலீஷ் வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. அவர்கள் பேசுவது எனக்கே பாதிதான் புரியும். அதனால் ஒரு குறையும் இல்லை. நீ கையைக் காட்டு, போதும். நன்றாயிருக்கு என்பதற்கு "கொள்ளாம்" என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒருத்தி நன்றாகவே சொல்கிறாள்.

ஆகையால் அடுத்த பார்சலில் முந்திரிக்கொத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒயர் ரோல் நாலைந்து கலரில் வை. வடசேரிப் பக்கம் கிடைக்கும். கூடவே அட்டத்தில் கிடக்கும் உன் தலையணையையும் மரக்குச்சிகளையும் இறக்கித் தூசி தட்டு. அதை இங்கே அனுப்ப வேண்டாம். உனக்கு ஒரு ஜாக்கெட் கைக்கு ரேந்தை போடு. யாருக்கும் விற்காதே.

அத்தானுக்கு நான் ஒரு குல்லா தொடங்கியிருக்கிறேன். நாகர்கோவில் வெயிலில் உல்லன் குல்லா எதுக்கு என்று கேட்பார். கேட்கட்டும், பாதி முடிந்துவிட்டது. தலையின் சுற்றளவு வேண்டும். கேட்டால் தரமாட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது டேப்பைச் சுற்றி எடுத்து, வாட்ஸ்அப்பில் எனக்கு மட்டும் அனுப்பு. குரூப்பில் போட்டுவிடாதே.

அன்புடன்,
தம்பி