எதுக்கும் ஆகாத புல்

நம் ஊரில் தாவரவியலுக்கு யாரும் போவதில்லை, வந்து சேர்கிறார்கள். முதலில் எம்.பி.பி.எஸ். அது இல்லையென்றால் பல் மருத்துவம், கால்நடை, வேளாண்மை, பார்மசி, நர்சிங். எல்லாக் கதவும் சாத்தியான பிறகு கலைக் கல்லூரிக் கலந்தாய்வில், "கெமிஸ்ட்ரி முடிஞ்சுது, பாட்டனி இருக்கு, வேணுமா?" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்கும். அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையில் பிறப்பவர்தான் தமிழ்நாட்டுத் தாவரவியலாளர்.

நான் அப்படி வந்தவள் இல்லை. விண்ணப்பத்தில் முதல் விருப்பமே பாட்டனி என்று எழுதினேன். வீட்டில் அதுதான் பிரச்சினை ஆயிற்று. மார்க் குறைந்தவளைத் தேற்றுவதற்கு நம்மிடம் எல்லா ஏற்பாடும் உண்டு. சித்தி வருவாள், ஹார்லிக்ஸ் வரும், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" வரும். மார்க்கையும் வாங்கிவிட்டுப் பாட்டனி கேட்கிறவளுக்கு என்ன சொல்வது? பெரியப்பா மட்டும் அப்பாவைத் தனியாக அழைத்துப் போய், "அந்த காலேஜ்ல எவனாவது பையன் படிக்கிறானான்னு விசாரிச்சியா?" என்று கேட்டார்.

கல்லூரிக்குப் போனதும் தெரிந்துவிட்டது, இது பூவை ரசிக்கிற படிப்பு இல்லை, அறுக்கிற படிப்பு. வேர், தண்டு, இலை என்று எது கையில் கிடைத்தாலும் குறுக்கே மெல்லிசாகச் சீவி, சாஃப்ரனின் சாயத்தில் தோய்த்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்க வேண்டும். இலை தனியாக நிற்காது. உருளைக்கிழங்கைப் பிளந்து நடுவில் செருகிச் சீவுவோம். சவர பிளேடுதான் ஆயுதம். ஹாஸ்டலுக்கு எதிரே பெட்டிக்கடை.

"அண்ணே, பிளேடு ஒரு பாக்கெட்."

"அப்பாவுக்கா தங்கச்சி?"

"இல்லண்ணே, எனக்கு."

அதற்குப் பிறகு அந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்துச் சில்லறை கொடுத்ததே இல்லை.

பிளேடுக்குத் தண்டைவிட விரல்மேல்தான் பிரியம். மரத்துக்கு ஆண்டு வளையம் மாதிரி, இடது கைக் கட்டைவிரலில் உள்ள கோடுகளை எண்ணினால் எங்கள் துறையில் ஒருவர் எத்தனை வருஷம் படித்தார் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது குடும்பங்கள். பெந்தாம், ஹூக்கர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1862 முதல் 1883 வரை எழுதிய வகைப்பாட்டில் விதைத் தாவரங்களுக்கு 202 குடும்பங்கள். பி.எஸ்சி.யில் அதை உருப்போட்டுவிட்டு எம்.எஸ்சி. போனால், டி.என்.ஏ.வைப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறார்கள். எருக்கும் அரளியும் ஒரே வீடு. இலவம்பஞ்சு மரம் செம்பருத்தியோடு குடித்தனம். தேக்கு தன் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டு துளசி குடும்பத்துக்கே போய்விட்டது. இந்தக் கடைசிச் செய்தி எனக்குப் பெரிய பரவசம். லீவில் ஊருக்கு வந்ததும் வாசல் தேக்குக் கதவையும் முற்றத்துத் துளசி மாடத்தையும் காட்டி, "அம்மா, ரெண்டும் ஒரே குடும்பம். டி.என்.ஏ. சொல்லுது" என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "அப்படியே உங்க அத்தைக்கும் நமக்கும் பாக்கச் சொல்லு. எந்தச் சொந்தமும் இல்லைன்னு வந்தா நல்லது" என்றாள்.

பெண் பார்க்க வந்தார்கள். எம்.எஸ்சி. பாட்டனி என்றதும் மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்தது.

"எங்க வீட்டுக் கறிவேப்பிலைச் செடி வளரவே மாட்டேங்குதும்மா. என்ன போடலாம்?"

"எனக்கு வளர்க்கத் தெரியாதுங்க அத்தை. நான் வகைப்பாட்டியல். செடியைப் பாத்துப் பேரு கண்டுபிடிப்பேன்."

"பேருதான் எங்களுக்கே தெரியுமே. கறிவேப்பிலை."

அந்த வரன் அமையவில்லை.

அம்மாவைத் தேற்றுவதற்கு ஜானகி அம்மாளைத் துணைக்கு இழுத்தேன். தலச்சேரியில் 1897-ல் பிறந்து, சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகன் போய் டாக்டர் பட்டம் வாங்கியவர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்பினம் செய்து பார்த்தவர். போர்க்கால இங்கிலாந்தில் உட்கார்ந்து, டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945-ல் வெளியிட்டவர். ஒரு மக்னோலியா மரவகைக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1977-ல் பத்மஸ்ரீ. எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "அந்தம்மாவுக்குக் கல்யாணம் ஆச்சா?" நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது கொல்லிமலையின் கோரைக் குடும்பம். பாய் நெய்கிற கோரையை எல்லாருக்கும் தெரியும். கோரைக்கிழங்கை வைத்தியருக்கும், அதைவிட நன்றாகக் களை எடுக்கிறவர்களுக்கும் தெரியும். மற்றவையெல்லாம் ஓடையோரத்திலும் வரப்பிலும் யார் கண்ணிலும் படாமல் நிற்கிற ஜீவன்கள். பூ என்று ஒன்று உண்டு, ஆனால் அதைப் பூ என்று தாவரவியலாளரைத் தவிர யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடுகைவிடச் சின்னதான அதன் கொட்டையை லென்ஸில் பார்த்தால்தான் எந்த இனம் என்று தெரியும்.

ஒருநாள் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். கைப்பையில் வனத்துறை அனுமதிக் கடிதம், மடியில் சாக்கு, காலடியில் செடிகளை அழுத்திக் கட்டிய மரச்சட்டம். கண்டக்டர் சாக்கை அமுக்கிப் பார்த்து, "என்னம்மா தழை?" என்றார். "ஆராய்ச்சிங்க" என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் பின்சீட்டில் பேச்சு நின்றது. "கஞ்சாவா இருக்குமோ?" என்று ஒரு இளைஞன் நம்பிக்கையோடு கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சந்தேகத்தை வைத்துக்கொண்டு பயணம் செய்கிற ரகம் இல்லை. சாக்கின் வாயைப் பிரித்தே பார்த்துவிட்டார்.

"சுகருக்கா கண்ணு?"

"இல்லைங்கம்மா."

"மூட்டு வலிக்கு?"

"இல்லைங்க."

"முடி வளரவா?"

அதுவும் இல்லை. முன்சீட்டுப் பெரியவர் திரும்பினார். "மாடு திங்குமா?" வேறு புல் கிடைத்தால் மாடு இதைச் சீண்டாது என்று உண்மையைச் சொன்னேன். பெரியவர் அதோடு என்னைக் கைவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப எதுக்கும் ஆகாதா?" என்றார் அம்மா.

"இப்போதைக்குத் தெரியலைங்க."

"எதுக்கும் ஆகாத புல்ல ஏங்கண்ணு சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போற?"

மூன்று வளைவுகளுக்கு விளக்கினேன். எந்த மலையில் எந்தச் செடி இருந்தது என்று எழுதி, மாதிரி எடுத்து வைத்தால்தான் நாளைக்கு அது காணாமல் போனால் போய்விட்டது என்றாவது தெரியும். பேர் இல்லாத செடி அழிந்தால் கணக்கிலேயே வராது. நான் சரியாகத்தான் பேசினேன் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டார். காரவள்ளி அடிவாரம் வந்ததும் பையிலிருந்து ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை எடுத்து என் மடியில் வைத்து, "சீக்கிரம் ஒரு நல்ல வேலை கிடைச்சிரும், கவலப்படாத" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

செடிகளைக் காய வைக்கத் தினமும் காகிதம் மாற்ற வேண்டும். எங்கள் தெருப் பழைய பேப்பர் கடையில் எல்லாரும் விற்க நிற்பார்கள், நான் வாங்க நிற்பேன். நகைக்கடை விளம்பரம் போட்ட வழவழப்புத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. ஆடித் தள்ளுபடி மாதத்தில் நாளிதழில் பாதி அந்தத் தாள்தான். ஊர் முழுக்கச் சேலை வாங்கும்போது என் கோரைக்குப் பூஞ்சை பிடிக்கும்.

"எப்பத்தான் முடிப்பே?" என்று உறவில் கேட்காதவர்கள் இல்லை. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய பெரிய நூலை கேம்பிள் 1915-ல் வெளியிடத் தொடங்கினார். 1925-ல் இறந்தே போனார். மிச்சத்தை ஃபிஷர் எழுதி முடிக்க 1936 ஆயிற்று. இதை என் நெறியாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கேம்பிளுக்கு ஃபெலோஷிப் நின்னு போகலைம்மா" என்றார். திருச்சி புனித வளனார் கல்லூரியின் மாத்யூ பாதிரியார் இதே மலைகளில் ஏறி இறங்கி, தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் பகுதியின் தாவரங்களை 1981 முதல் 1983 வரை தடித்தடியான நூல்களாகக் கொண்டுவந்திருக்கிறார். அவற்றைத் தூக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் முதுகும் பிடித்துக்கொண்டது.

வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் படிப்புக்கு நேரான இடம் 1890-ல் தொடங்கிய பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா. அதன் தென்மண்டல மையம் கோவையில் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேமிப்பகமும் மெட்ராஸில் இல்லாமல் அங்கேதான் இருக்கிறது. இந்த விவரத்தை நேர்முகத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் தயாராக எடுத்துப் போவேன், ஒருவர்கூடக் கேட்டதில்லை. பல வருஷம் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். வகுப்புத் தோழி ஒருத்தி வங்கியில் நகைக்கடன் பார்க்கிறாள். இன்னொருவன் கிராம நிர்வாக அலுவலர். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று அடங்கலில் எழுதுகிறான். எங்கள் வகுப்பில் செடியின் பெயரை எழுதி அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான்.

இப்போது ஒரு கல்லூரியில் நிரந்தரமாகிவிட்டேன். குடியிருப்பு முழுவதும் என்னை மதிக்கிறது. காலை காப்பிக்கு முன்பே இலைப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழும். பூ இருக்காது, காய் இருக்காது, அனுப்பியவரின் கட்டைவிரல் மட்டும் தெளிவாக இருக்கும். "மேடம், இது என்ன?" பூ இல்லாமல் சொல்ல முடியாது என்பேன். "ஆப்ல போட்டா உடனே சொல்லுதே மேடம்" என்பார்கள். அந்த ஆப் எங்கள் மாடி வீட்டுப் பசலைக்கொடியை மிளகு என்றது. மிளகு என்றதும் அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை, பந்தல்கூடப் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் இரண்டாம் மாடி அம்மா தன் மகளோடு வந்தார். பிளஸ் டூவில் நல்ல மார்க். பெண், பாட்டனிதான் படிப்பேன் என்கிறாளாம். "நீங்களே கொஞ்சம் புத்தி சொல்லுங்க மேடம்" என்றார். எனக்குக் கண் கலங்கும்போல் ஆகிவிட்டது. இவ்வளவு வருஷம் கழித்து, தானாகவே கேட்டு வருகிற ஒருத்தி! அவளை உட்கார வைத்து, காபி கொடுத்து, ஏன் பாட்டனி என்று கேட்டேன். கோரையைச் சொல்வாளா, தேக்கைச் சொல்வாளா என்று காத்திருந்தேன்.

"ரத்தத்தப் பாத்தாலே எனக்கு மயக்கம் வந்துரும் மேம். இதுலதான் ரத்தமே வராதுன்னு சொன்னாங்க."

"ரொம்பச் சரி" என்று சொல்லி, இடது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.