எங்கள் வீட்டுச் சுவர் நன்றாகச் சாப்பிடுகிறது

மகா கனம் பொருந்திய குழந்தைகள் மருத்துவமனை ஊட்டச்சத்து ஆலோசனைப் பிரிவின் திருச்சமூகத்துக்கு,

போன சனிக்கிழமை தாங்கள் அருளிய தரிசனத்துக்கு நன்றி. என் மகனை எடை மெஷினில் உட்கார வைத்ததும், வெளியே கடைசி நாற்காலிவரை கேட்கும் குரலில், "ஏம்மா, பிள்ளைக்குச் சோறு போடுறீங்களா, இல்ல போனைக் காட்டியே தூங்க வைக்கிறீங்களா?" என்று கேட்டீர்கள். காத்திருந்த அம்மாக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற என் மாமியார், 'நான் சொன்னா கேக்குறாளா' என்பதுபோல் தலையாட்டினார். பிறகு லேமினேட் செய்த உணவு அட்டவணை ஒன்றையும், ஆலோசனைக் கட்டண ரசீது ஒன்றையும் தந்து அனுப்பினீர்கள்.

அட்டவணைக்குச் சூடம் காட்டவில்லை. மற்றபடி எல்லா மரியாதையும் செய்தேன். திங்கள், அவகாடோ மசியல். தெருவில் வண்டிக்காரரிடம் அவகாடோ கேட்டேன்; ஒரு கட்டு கொத்தமல்லியைக் கையில் திணித்தார். சூப்பர் மார்க்கெட்டில் தேடி வாங்கி ஊட்டினேன். மகன் ஒரு வாய் வாங்கினான், யோசித்தான், சுவர்மேல் துப்பினான். செவ்வாய், புளூபெர்ரி ஓட்ஸ்: சுவர். புதன், புரோக்கோலியும் கினோவாவும்: சுவர். வியாழன், சால்மன்: பாதி சுவர், பாதி மாமியார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். எங்கள் வீட்டில் சுவரும் இருக்கிறது, அதில் தினம் ஒரு சித்திரமும் இருக்கிறது; பிள்ளைதான் அரை இட்லியில் நிற்கிறான். அடுத்த முறை சுவரைத் தூக்கி வருகிறேன், எடை போட்டுப் பாருங்கள். தங்கள் அறையில் மாட்டியிருக்கும் வளர்ச்சிக் கோட்டை அது எப்போதோ தாண்டியிருக்கும்.

அந்தக் கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியா உட்பட ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது அது. முதல் வருடம் ஏறக்குறைய ஆறு கிலோ கூடும் பிள்ளை, இரண்டாம் வருடம் சுமார் இரண்டரை கிலோதான் கூடும் என்பது அந்தக் கோட்டிலேயே தெரிகிறது. வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையும். புதுச் சுவை பிடிக்க எட்டுப் பத்து முறையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வதும் தங்கள் துறைதான். தங்கள் அட்டவணையிலோ ஒரு பண்டம் மறுமுறை தலைகாட்டுவதே இல்லை. எங்கள் சுவருக்கு அந்தச் சிக்கல் கிடையாது. எதைக் கொடுத்தாலும் முதல் முறையிலேயே ஏற்றுக்கொள்கிறது.

தங்களைப் போன்ற மேதைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அட்டவணையில் இல்லாத சிலவற்றை என் மகன் சாப்பிடுகிறான். நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறு. கேழ்வரகுக் கூழ். அவித்த முட்டையின் மஞ்சள் கரு. முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்ட குட்டித் தோசை. ஆவியில் வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. முள் எடுத்த மீன். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவனே அள்ளினால் இரண்டு வாய் கூடவே போகிறது. இவை எதிலும் பெர்ரி இல்லை என்பதற்கு மன்னிக்கவும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சட்டம் தரும் பேறுகால விடுப்பு 26 வாரம். பிள்ளைக்குத் திட உணவு தொடங்க வேண்டியது ஆறாம் மாதம். முதல் கரண்டி கூழ் கொடுக்க வேண்டிய வாரத்தில்தான் அம்மா பஸ் ஏறுகிறாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத்தான் குறைந்தபட்சம் போதுமான உணவு கிடைக்கிறது. மீதி 89 வீட்டிலும் அம்மா போன் பார்த்துக்கொண்டா இருக்கிறாள்? நாலு பேர் நடுவில் ஒரு தாயின் முகத்தைக் கருக வைப்பதற்குப் பெயர் ஆலோசனையா? பயந்துபோன தாய், எதிர்ச்சுவரில் தொங்கும் பேபி ஃபுட் டப்பாவின் போஸ்டரைப் பார்க்காமல் வெளியே போக மாட்டாள் என்று தெரிந்துதானே நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்? இரண்டு வயதுவரையான குழந்தைகளுக்கான அப்படிப்பட்ட உணவுக்கு மருத்துவமனைக்குள் போஸ்டர் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். தங்கள் சுவருக்குப் போஸ்டர், எங்கள் சுவருக்கு அவகாடோ. இரண்டு சுவரும் செழிப்பாகத்தான் இருக்கின்றன.

தங்கள் கருணையை நம்பிச் சில விண்ணப்பங்கள். அட்டவணையில் அவகாடோவை அடித்துவிட்டுக் கேழ்வரகு, முட்டை, முருங்கைக்கீரை என்று எழுதுங்கள். ஒரு வயதுக்குமேல் பசி குறைவது இயல்பு, வற்புறுத்தி ஊட்ட வேண்டாம் என்று முதல் வரியிலேயே அச்சடியுங்கள். எடை நிஜமாகவே குறைந்தால் கதவைச் சாத்திவிட்டு, உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்தப் போஸ்டரை இன்றைக்கே கழற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகு ஆலோசனைக் கட்டணம் கேளுங்கள், தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அட்டவணைக்குக் கட்டணம் கட்டிய ஓர் அம்மா