வெள்ளெழுத்தின் மறுப்புக் காலம்: ஓர் ஆய்வு

வெள்ளெழுத்து நாற்பதை ஒட்டி வந்துவிடுகிறது. வந்ததை மனிதர் ஒப்புக்கொள்வதோ பல ஆண்டுகள் கழித்து. இந்த இடைவெளிக்கு 'மறுப்புக் காலம்' எனப் பெயரிட்டு ஆராயப் புகுகிறோம். கண் மருத்துவர்கள் இதை ஆராய வழியில்லை. என்னை? எனின், அக்காலத்தில் யாரும் அவர்களிடம் போவதில்லை என்க.

முதலில் உடற்கூறு. கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு தசை சுருங்குகிறது. வில்லையை இழுத்துப் பிடித்திருக்கும் இழைகள் தளர்கின்றன. வில்லை தானாக உப்பிக்கொள்கிறது. ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855இல் தந்த விளக்கம் இது. வயது ஏற ஏற வில்லை இறுகி, தசை எவ்வளவு கெஞ்சினாலும் உப்ப மறுக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏழெட்டு செ.மீ. தொலைவிலேயே எழுத்து தெளிவாகத் தெரியும். 60 வயதில் அந்த எல்லை ஏறக்குறைய ஒரு மீட்டர். கை அவ்வளவு நீளமில்லை; இஞ்சு டேப் வைத்துச் சரிபார்த்துவிட்டோம்.

மறுப்பாளர் தம் கண்ணைக் குறை சொல்லவே மாட்டார். "இந்த எல்.இ.டி. பல்பு போட்டதிலேர்ந்து வீட்ல வெளிச்சமே இல்ல" என்பார். பஞ்சாங்கத்தின் அச்சு கெட்டுவிட்டது என்பார். ஊசிக்குக் காதைச் சின்னதாக்கிவிட்டான் என்பது அம்மையார் தரப்பு.

மாத்திரை அட்டையே இத்துறையின் உரைகல். காலாவதித் தேதியை ஓரமாக, வெள்ளித்தாளில், மை தொடாமல் வெறுமனே குத்தியிருப்பார்கள். மறுப்பாளர் அதைக் கிட்டே கொண்டுவருவார். தள்ளிப் பிடிப்பார். தலையைப் பின்னுக்கு இழுப்பார். அப்படியே வாசலுக்கு நடப்பார். இந்நடையைக் கேலி செய்தல் கூடாது. வெயிலில் கண்மணி சுருங்குகிறது. சிறிய துளை வழியே புகும் ஒளி எழுத்தைக் கூர்மையாக்குகிறது. ஆகவே பகலில் அவர் கட்சி செல்லும். இரவிலோ, "தம்பி, இதுல என்ன போட்ருக்கு? உனக்குப் படிக்க வருதான்னு பாக்கறேன்" என்று பரீட்சை வைப்பார். பையனுக்கு விஷயம் தெரியும். படித்துச் சொல்லிவிட்டுப் போவான்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும்: "எங்க தாத்தா எண்பதுலயும் கண்ணாடி இல்லாமப் பேப்பர் படிச்சார்." படித்திருப்பார், மறுப்பதற்கில்லை. அவருக்கு இளமையிலிருந்தே கிட்டப்பார்வை இருந்திருக்கலாம். அன்றி, கண்புரை தொடங்கும்போதும் சிலருக்கு வில்லையின் நடுப்பகுதி அடர்ந்து, கிட்டப்பார்வை புதிதாக வந்து, கைவிட்டுப்போன எழுத்து மறுபடி தெரியும். முதுமையில் திடீரென்று கண்ணாடி தேவைப்படாமல் போனால் ஊரெல்லாம் பெருமை பேசுவதை விடுத்து மருத்துவரிடம் காட்டுவதே முறை.

முடிபு: மறுப்பாளர் முழுப் பொய்யர் அல்லர். அச்சும் குற்றவாளிதான். எனவே மாத்திரை தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். அட்டையைக் கடைக்கு அனுப்புமுன், நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரிடம், மாலை ஆறரை மணிக்கு, கண்ணாடி இல்லாமல் படிக்கக் கொடுங்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டுக் கொடுங்கள்.